முதல் இரண்டு வாரம்

காய்ச்சல் வருகிறது. பாரசிட்டமால் மாத்திரை போடுகிறோம். ஒரு மணி நேரத்தில் வியர்க்கிறது. உடம்பு லேசாகிறது. மாத்திரை வேலை செய்தது என்று நமக்கே தெரிகிறது.

எல்லா மாத்திரையும் இப்படி இல்லை. மனப் பதற்றத்துக்கு மருத்துவர் தரும் மாத்திரை வேறு மாதிரி. அதில் முதலில் வருவது தொல்லை. நலம் பின்னால் வருகிறது. நடுவில் இரண்டு வாரம் போகும். சிலருக்கு நான்கு வாரம், ஆறு வாரம் கூட ஆகும். இந்த நடுவில்தான் பல பேர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

தொல்லை ஏன் வருகிறது? எதைப் பொறுத்துக்கொள்ளலாம்? எதற்கு உடனே ஓட வேண்டும்? இந்தப் பாடத்தில் இதைப் படிப்போம்.

பதற்றம் எப்போது நோய் ஆகிறது?

பயம் எல்லோருக்கும் உண்டு. பிள்ளை பள்ளியிலிருந்து வரத் தாமதமானால் மனம் பதறும். பிள்ளை வந்ததும் அடங்கிவிடும். இது நோய் இல்லை.

காரணம் இல்லாமலே பயம் வருகிறது. வந்தால் போவதில்லை. மாதக்கணக்கில் நீடிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. கை நடுங்குகிறது. மூச்சு முட்டுகிறது. தூக்கம் இல்லை. வேலைக்குப் போக முடியவில்லை. அப்போது அது நோய். பேயும் இல்லை, பில்லி சூனியமும் இல்லை. மனத்தில் உறுதி இல்லை என்பதும் இல்லை. சர்க்கரை நோய் போல, ரத்தக் கொதிப்பு போல இதற்கும் மருத்துவம் உண்டு.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. அந்த நிறுவனம் 2015-16-ல் நாட்டில் 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய் ஆய்வு செய்தது. 18 வயதைத் தாண்டியவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 10 பேர், 11 பேர் ஏதோ ஒரு மனநலத் தொல்லையோடு இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமே பார்க்கவில்லை. நம் தெருவில் 100 பேர் இருந்தால் அதில் 10 பேர். யார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் சொல்வதில்லை.

ஒரு அக்காவின் ஐந்து நாள்

நான் பாடம் நடத்தும் மையம் பெங்களூரில் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. மாலை ஏழு மணிக்கு மேல்தான் பெண்கள் வருவார்கள். பாதிப் பேர் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர்கள்.

அவர்களில் ஒரு அக்கா. தன் பெயரை எழுத வேண்டாம் என்றார். நடந்ததை எழுதச் சொன்னார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்கா டெய்லர். சட்டைக்குக் காலர் வைப்பார். ஒரு நாள் கம்பெனி வேனில் போகும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. உயிர் போகப் போகிறது என்று நினைத்தார். வேனை நிறுத்தி இறங்கிவிட்டார். அதன் பிறகு வேனைப் பார்த்தாலே படபடப்பு. இரண்டு முறை இசிஜி எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. தைராய்டு பார்த்தார்கள். அதுவும் சரியாக இருந்தது. கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று எஸ்சிட்டலோபிராம். காலையில் சாப்பிட வேண்டும். இன்னொன்று குளோனசெபாம். இரவில், கொஞ்ச நாளுக்கு மட்டும்.

நல்ல கூட்டம். மருத்துவர் பேசியது கன்னடமும் ஆங்கிலமும் கலந்து. "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்பது மட்டும் அக்காவுக்குப் புரிந்தது.

வீட்டில் மாமியாருக்குத் தெரியக் கூடாது. மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் வைத்தார்.

முதல் நாள் வயிற்றைப் புரட்டியது. இரண்டாம் நாள் தலைவலி. வாய் உலர்ந்தது. மூன்றாம் நாள் படபடப்பு குறையவில்லை. முன்னைவிட அதிகமாக இருந்தது! இரவு மாத்திரை போட்ட அசதி காலை பத்து மணி வரை போகவில்லை. நான்காம் நாள் மெஷினில் கண் சொக்கியது. ஊசி விரலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சூப்பர்வைசர் கத்தினார்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அது மூளை மாத்திரைடி. ஒரு தடவை பழகிட்டா விடாது. சாகற வரைக்கும் சாப்பிடணும்."

ஐந்தாம் நாள் அக்கா மாத்திரையைச் சாக்கடையில் போட்டார்.

பிறகு இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. வேன் வரும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வார். மகளுடைய பள்ளிக் கட்டணம் நின்றது. சீட்டுப் பணம் நின்றது. எங்கள் மையத்துக்கும் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கேட்டபோதுதான் எல்லாம் சொன்னார்.

திரும்ப அதே மருத்துவமனைக்குப் போனோம். இந்த முறை அக்காவின் கணவரும் வந்தார். அங்கே தமிழ் தெரிந்த ஒரு சிஸ்டர் இருந்தார்.

"எத்தனை நாள் சாப்பிட்டீங்க?"

"அஞ்சு நாளு."

"அஞ்சு நாள்லயா நிறுத்தினீங்க? கஷ்டம் வர்ற நேரமே அதுதாம்மா. இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தா குறைஞ்சிருக்கும்."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் சிஸ்டர் நிறுத்தறேன்?"

சிஸ்டர் பதில் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவை உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் பேசினார். இந்தப் பாடத்தில் பாதி, அன்றைக்கு நான் பக்கத்தில் நின்று கேட்டது.

அக்கா கேட்ட கேள்வி நியாயமானது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதன்படி, என்ன நோய், என்ன மருந்து, அந்த மருந்தால் என்ன பக்கவிளைவு வரும் என்று தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. தெலுங்கு பேசுகிறவருக்குத் தெலுங்கில். தமிழ் பேசுகிறவருக்குத் தமிழில். ஆகவே கேட்கலாம். கூச்சம் வேண்டாம்.

தொல்லை ஏன் முதலில் வருகிறது?

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் உள்ளன. ஓர் அணுவிலிருந்து இன்னோர் அணுவுக்குச் செய்தி போக வேண்டும். செய்தியைக் கொண்டுபோக உடம்பிலேயே சில பொருள்கள் சுரக்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் செரோடோனின். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் இந்தச் செரோடோனின் சீக்கிரம் குறைந்துபோகாமல் பார்த்துக்கொள்கின்றன.

மாத்திரை முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஆனால் மூளை அதற்குப் பழக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகிறது.

இன்னொரு செய்தி. செரோடோனின் மூளையில் மட்டும் இல்லை. நம் உடம்பில் உள்ள செரோடோனினில் பெரும் பகுதி குடலில்தான் இருக்கிறது. மனத்துக்குத் தந்த மாத்திரை வயிற்றை ஏன் புரட்டுகிறது என்று இப்போது புரிகிறதா?

புதுச் செருப்பு வாங்குகிறோம். முதல் வாரம் கடிக்கிறது. கால் பழகியதும் கடிப்பதில்லை. பக்கவிளைவும் பெரும்பாலும் இப்படித்தான். முதல் வாரம் அதிகம். இரண்டாம் வாரம் குறையும். இதனால்தான் மருத்துவர் முதலில் குறைந்த அளவு கொடுக்கிறார். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் கூட்டுகிறார். கூட்டும்போது இரண்டொரு நாள் மறுபடி கடிக்கலாம்.

பதற்ற நோயில் ஒரு கூடுதல் சங்கடம் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்கள் தங்கள் உடம்பையே கவனித்துக்கொண்டு இருப்பார்கள். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தால் போதும். "ஐயோ, என்னவோ ஆகிறது" என்று பயம். அந்தப் பயத்தால் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும். மாத்திரையால் லேசாக வயிறு புரட்டினாலும் அதே கதைதான். பயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மாத்திரையைப் பார்த்தே பயம் வருகிறது. "இது வரும், வந்தால் போகும்" என்று முன்பே தெரிந்திருந்தால் இந்தப் பயத்தில் பாதி குறைந்துவிடும்.

கடியைச் சமாளிப்பது

வயிறு புரட்டினால் வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள். இட்லியோ கஞ்சியோ ரொட்டியோ சாப்பிட்ட பிறகு போடுங்கள். ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். எண்ணெய்ப் பலகாரம் சில நாளைக்கு வேண்டாம். சிலருக்கு வயிற்றுப்போக்கு இருக்கும். மோர், உப்புப் போட்ட கஞ்சி, தண்ணீர் குடியுங்கள். இவை பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

வாய் உலர்ந்தால் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கலாம். வாயில் ஒரு கிராம்பு போட்டுக்கொள்ளலாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்கள் இதைச் சாக்காக வைத்து அதைக் கூட்டிவிட வேண்டாம்.

தலைவலிக்குப் பாரசிட்டமால் போடலாம். கடையில் கிடைக்கும் மற்ற வலி மாத்திரைகளை, முக்கியமாக புரூபென், டைக்ளோபெனாக், ஆஸ்பிரின் ஆகியவற்றை, கேட்காமல் போடாதீர்கள். எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரையோடு இவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடும். இதய நோய்க்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வேறு என்ன மாத்திரை சாப்பிட்டாலும் சொல்ல வேண்டும். சித்த மருந்து, நாட்டு மருந்து, இருமல் மருந்து எல்லாமும் கணக்கில் உண்டு. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். அதுவே எளிது.

தூக்கம் கெட்டால் மாத்திரையைக் காலையில் சாப்பிடுவது நல்லது. மாறாகத் தூக்கம் தூக்கமாக வந்தால் இரவில் சாப்பிடலாம். நேரத்தை மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாலைக்கு மேல் டீ, காபி வேண்டாம். டீ படபடப்பைக் கூட்டும். கார்மெண்ட்ஸில் நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் இரண்டாகக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

படபடப்பு கூடும் நாள்களில் மூச்சைக் கவனியுங்கள். மூக்கால் மெதுவாக இழுங்கள். மனத்துக்குள் நான்கு வரை எண்ணுங்கள். பிறகு ஆறு வரை எண்ணிக்கொண்டே மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்யுங்கள். இதற்குக் காசு இல்லை. வேனில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

தலை சுற்றினால் படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். முதலில் உட்காருங்கள். பிறகு நில்லுங்கள். வயதானவர்களுக்கு இது முக்கியம். அவர்கள் இரவில் கழிவறைக்கு எழுந்து போகும்போது விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்ளக் கூடும். வயதானவர்களுக்கு வேறொன்றும் வரலாம். ரத்தத்தில் உப்புச் சத்து குறைந்துபோகும். ஆள் குழம்புவார், தள்ளாடுவார். அப்போது ரத்தம் சோதிக்க வேண்டும்.

இன்னொரு பக்கவிளைவை யாரும் வெளியில் பேசுவதில்லை. எழுதலாமா என்று நானும் யோசித்தேன். எழுதாமல் விட்டால் பாடம் பாதிப் பாடம்தான். இந்த மாத்திரைகளால் சிலருக்குத் தாம்பத்தியத்தில் நாட்டம் குறையும். ஆணுக்கும் குறையும், பெண்ணுக்கும் குறையும். வயிற்றுப் புரட்டல் போல இது இரண்டு வாரத்தில் தானாகப் போகும் என்று சொல்ல முடியாது. கணவன் மனைவிக்குள் சந்தேகம் வரும், சண்டை வரும். கடைசியில் மாத்திரை நிற்கும். மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றலாம். வேறு மாத்திரை தரலாம். அவருக்கு இது புதிய செய்தி இல்லை.

இரவு மாத்திரை வேறு

அக்காவுக்குத் தந்த இரண்டாவது மாத்திரை நினைவிருக்கிறதா? குளோனசெபாம். அல்பிரசோலாம், லோராசெபாம், டயஸிபாம் எல்லாம் இதே குடும்பம். இவை அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே பதற்றத்தை அடக்கும். முதல் மாத்திரை பிடிக்கும் வரை கைத்தடி மாதிரி கொஞ்ச நாளைக்குத் தருவார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா சொன்ன "பழகிவிடும்" என்ற பேச்சு இந்தக் குடும்பத்துக்குத்தான் பொருந்தும். இவற்றை மாதக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு பழகிவிடும். இது இல்லாமல் தூக்கம் வராது. ஆகவே பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம்தான். மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் நாமே கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது. பல மாதம் சாப்பிட்டுப் பழகியவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் மாத்திரைக்குப் போதை இல்லை. "இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்" என்ற ஏக்கம் வராது.

இரவு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதல் நாள்களில் மெஷின் வேலை, வண்டி ஓட்டுவது, சாரத்தில் ஏறுவது, அடுப்பில் பெரிய பாத்திரம் இறக்குவது எல்லாவற்றிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முடிந்தால் மாத்திரையை விடுமுறைக்கு முந்தின நாள் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அக்கா இரண்டாம் முறை சனிக்கிழமை இரவில்தான் தொடங்கினார். சூப்பர்வைசரிடம் "ஒரு வாரம் மருந்து சாப்பிடறேன், மெஷின் வேண்டாம், காஜா பட்டன் பார்க்கறேன்" என்று சொன்னார். என்ன மருந்து என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

மது கூடவே கூடாது. இரவு மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகலாம். உயிர் போன கதைகள் உண்டு.

ஆணி குத்தினால்?

செருப்பு கடித்தால் பொறுக்கலாம். செருப்புக்குள் ஆணி குத்தினால் பொறுக்கலாமா? கழற்றிப் பார்க்க வேண்டும்.

உடம்பில் தடிப்பு, முகம் வீங்குதல், மூச்சுத் திணறல், மயங்கி விழுதல், வலிப்பு, ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போதல் ஆகியவை ஆணி. கடுமையான காய்ச்சலோடு உடம்பு விறைத்து, கைகால் வெட்டி வெட்டி இழுத்தால் அதுவும் ஆணி. அன்றைக்கே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும். இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருப்பார்கள். வேறு சிலர் இரண்டு மூன்று நாள் தூங்காமலே அளவுக்கு மீறிய உற்சாகமாக இருப்பார்கள். நிறையப் பேசுவார்கள். கையில் உள்ள பணத்தை எல்லாம் செலவழிப்பார்கள். "மருந்து நன்றாக வேலை செய்கிறது" என்று வீட்டார் நினைத்துவிடக் கூடாது. இதையும் உடனே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆணி ஒன்று. சாக வேண்டும் என்ற எண்ணம். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களிலும் அளவைக் கூட்டும்போதும் இந்த எண்ணம் வரலாம். எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் மறைக்கக் கூடாது. வீட்டில் உள்ளவர்கள் நேராகக் கேட்கலாம். "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டதும் அழுது கொட்டிவிடுவார்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் எட்டாத இடத்தில் வையுங்கள். மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

இரவு நேரம், மருத்துவமனை தூரம், என்ன செய்வது? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இதன் பெயர் டெலி மானஸ். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. காசு இல்லை. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்று தோன்றினால் மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்று இல்லை. மாத்திரை பற்றிய சந்தேகத்துக்கும் கூப்பிடலாம்.

கருவுற்ற பெண்கள், பால் கொடுக்கும் தாய்மார் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிடும்போது கரு தரித்தால் பயந்து தாமாக நிறுத்தக் கூடாது. உடனே போய்க் கேட்க வேண்டும். படபடப்புக்குப் புரோப்ரனலால் என்ற மாத்திரையும் தருவார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைச் சாப்பிடக் கூடாது. ஆஸ்துமா இருந்தால் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

நோட்டு

சிஸ்டர் அக்காவிடம் ஒரு வேலை கொடுத்தார். "எழுதத் தெரியுமா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். "தெரியும்" என்றார். "அப்ப தினமும் ரெண்டு வரி எழுதிட்டு வாங்க."

அக்கா எழுதியதில் கொஞ்சம் இங்கே. அவர் அனுமதியோடு, அவர் எழுதியபடியே:

1-ம் நாள். இட்லி சாப்பிட்டு மாத்திரை. வயிறு புரட்டல்.
3-ம் நாள். படபடப்பு ஜாஸ்தி. மூச்சு எண்ணினேன். தூக்கம் 3 மணி.
4-ம் நாள். அழுதேன். 14416 பேசினேன்.
6-ம் நாள். புரட்டல் கம்மி. தலைவலி இல்லை.
10-ம் நாள். புரட்டல் இல்லை. வாய் காய்கிறது.
12-ம் நாள். மாமியாரிடம் சொன்னேன். திட்டவில்லை.
17-ம் நாள். வேனில் ஏறினேன். பயம் வந்தது. போனது.
24-ம் நாள். 6 மணி தூங்கினேன்.

அடுத்த முறை போனபோது மருத்துவர் இந்த நோட்டைத்தான் முதலில் கேட்டார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் நாம் "பரவால்ல சார்" என்போம். வெளியில் கூட்டம் நிற்கிறது, வேறு என்ன சொல்ல? நோட்டு அப்படிச் சொல்லாது. எந்தத் தொல்லை எத்தனை நாள் இருந்தது என்று அதில் இருக்கும்.

அக்காவின் சீட்டில் இருந்த எண்களையும் மையத்தில் எல்லோரும் சேர்ந்து படித்தோம். 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. 0-0-1 என்றால் இரவு மட்டும். மி.கி. என்றால் மில்லிகிராம். மாத்திரையின் அளவு அது. புள்ளியைப் பார்த்துப் படியுங்கள். 0.5 வேறு, 5 வேறு. 5 என்பது 0.5-ஐப் போல் பத்து மடங்கு. மருந்துக்கடையில் வாங்கியதும் அட்டையில் உள்ள எண்ணும் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே பாருங்கள். அட்டையில் எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். எண் நமக்குத் தெரியும். அட்டையின் பின்னால் "காலை", "இரவு" என்று நீங்களே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. வழக்கமான ஒன்று போதும்.

நலமான பிறகு

தூக்கம் வருகிறது. வேலைக்குப் போகிறோம். இனி மாத்திரை எதற்கு என்று தோன்றும். இதுவும் ஒரு கண்டம்தான். நலமான பிறகும் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடரச் சொல்வார்கள். சீக்கிரம் நிறுத்தினால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

நிறுத்தும்போதும் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலை சுற்றும். எரிச்சல் வரும். தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீர் என்று இருக்கும். "பார்த்தாயா, மாத்திரை பழகிவிட்டது" என்று சொல்வார்கள். இது போதைப் பழக்கம் இல்லை. உடம்புக்கு அவகாசம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவர் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்.

மாத்திரை பிடிக்கவே இல்லை என்பதும் உண்டு. ஆறு வாரம் ஆகியும் பலன் இல்லை, அல்லது தொல்லை தாங்க முடியவில்லை. அப்போதும் சாக்கடையில் போட வேண்டாம். போய்ச் சொல்லுங்கள். ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறொன்று ஒத்துக்கொள்ளும். மாத்திரை இல்லாமல் பேச்சு மூலம் பயத்தைக் குறைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தும் தருவார்கள். 1996-லிருந்து மாவட்ட மனநலத் திட்டம் நடக்கிறது. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தக் கிழமை என்று கேட்டு வையுங்கள்.

பயிற்சி

1. ஒரு மருந்துச் சீட்டு இப்படி இருக்கிறது:
எஸ்சிட்டலோபிராம் 5 மி.கி. 1-0-0, 7 நாள்.
பிறகு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. 1-0-0, 21 நாள்.
இது மொத்தம் எத்தனை நாளைக்கு மருந்து? 9-ம் நாள் எந்த அளவு, எந்த வேளை சாப்பிட வேண்டும்?

2. கீழே உள்ளவற்றில் செருப்புக் கடி எது, ஆணி எது? வாய் உலர்தல். கறுப்பு மலம். முதல் வாரத் தலைவலி. சாக வேண்டும் என்ற எண்ணம்.

3. அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை உங்கள் நோட்டில் எழுதுங்கள். எழுதிய தாளை மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.